இறங்குபடி இயல்: கண்டி மாநகரில் பாரப் பயிற்சித் திட்டம் தெரிவுசெய்யும் முறை

பாரப் பயிற்சி என்பது, தூக்கவேண்டிய தேவை எதுவுமில்லாத ஒரு பொருளைத் தூக்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, அதைக் கணக்கு வைத்துச் செய்து, அதற்கென மாதந்தோறும் பணமும் செலுத்துவதாகும். இவ்வரையறையின் கடைசி உறுப்பு மறுபுறம் திரும்பி, தூக்கியவர் கையில் பணம் சேருமாயின், அது கூலிவேலை எனப்படும். இரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது. பயிற்சித் திட்டம் என்பது எந்த நாளில் எந்த இரும்பை எத்தனை முறை தூக்குவது என்று முன்கூட்டியே சொல்லும் அட்டவணை. அட்டவணைகளோ எண்ணிறந்தன. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்வது எங்ஙனம் என்ற வினாவை முன்னையோர் எல்லாரும் சமதளத்தில் நின்றே ஆராய்ந்தனர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே, மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல் அமைந்து, அக்கிண்ணத்தின் அடியில் வயலாய்க் கிடந்த தட்டை நிலத்தையும் 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தொடங்கிய வாவிக்குக் கொடுத்துவிட்டு, குடிமக்களைச் சரிவுகளில் ஏற்றிவைத்த கண்டிக்கு அவர்தம் முடிபுகள் முற்றும் பொருந்தா.

இத்துறையின் மூலக்கதை கிரேக்கருடையது. குரோட்டன் நகரத்து மல்லனான மைலோ ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் முழுக்காளையையே சுமந்தான் என்றும் சொல்வர். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுக என்பதே இதன் சாரம். தொடங்குநர் ஒருவர் 20 கிலோ எடையுள்ள வெறும் பார்பெல் கம்பியோடு தொடங்கி, வாரம் மூன்று முறை, முறைக்கு 2.5 கிலோ கூட்டுவாராயின், பதினோராம் வார முடிவில் 102.5 கிலோ, அதாவது கண்டியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பின்னவலையில் அன்று பிறந்த யானைக்கன்று ஒன்றின் எடை அளவு, அவர் தோளில் இருக்கவேண்டும். ஓராண்டில் அது 410 கிலோ ஆகும். இக்கணக்கைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்க்காத தொடங்குநர் அரியர். அதனை நம்பாதவர் அவரினும் அரியர். முதல் சில வாரங்களில் ஏறும் வலிமை பெரும்பாலும் தசை பருத்ததனால் அன்று, நரம்புகள் இருக்கும் தசையையே திறம்பட ஏவக் கற்றதனால் வருவது. அக்கற்றல் தீர்ந்ததும் கணக்கு படுத்துவிடும்.

இந்தக் கதையை மருத்துவமாக்கியவர் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுக் கால் மெலிந்த படைவீரர்க்குப் படிப்படியாகப் பாரம் கூட்டிப் பயிற்சி அளித்து, அதன் பயனை 1945இல் எழுதினார். 1948இல் வாட்கின்ஸ் என்பாரோடு சேர்ந்து, பத்துப் பத்தாக மூன்று செட் போதும் என்று சுருக்கினார். செட் என்பது இடையில் ஓயாமல் தூக்கும் ஒரு தொகுதி. அத்தொகுதிக்குள் ஒருமுறை தூக்கி வைப்பது ரெப். இன்று ஜிம்களில் வேதவாக்காய் வழங்கும் மூன்று பத்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பிறந்தது என்பதும், முதன்முதலில் அதனைச் செய்தோர் நோயாளிகள் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கன.

திட்டங்கள் மூன்று சமயங்களாய்ப் பிரிந்து கிடக்கின்றன. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் வந்து ஒவ்வொரு நாளும் உடல் முழுவதையும் இயக்குக என்பது ஒன்று. பாரத்தோடு குந்தியெழும் ஸ்குவாட், மல்லாந்து கிடந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து நிமிர்த்தும் டெட்லிப்ட் ஆகியவற்றை ஐந்து ஐந்தாகச் செய்வோர் இச்சமயத்தார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என உடம்பைக் கிழமைகளுக்குப் பங்கிடுவது மற்றொன்று. இதற்குக் கிழமை ஏழும் ஒழுங்காய் வரவேண்டும். இலங்கையிலோ பௌர்ணமிதோறும் விடுமுறை வருவதால், போயா தினத்தில் கதவு பூட்டியிருக்குமாயின் அவ்வாரத்துக் கால் பயிற்சி அடுத்த வாரத்துக்குத் தள்ளப்பட்டு, இரண்டு போயாவில் நெஞ்சு மட்டும் வளர்ந்த ஒரு வடிவம் தோன்றும். மூன்றாவது மச்சான் மரபு. சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவாகிய இச்சொல்லால் விளிக்கப்படும் ஒருவர், தாம் மூன்று மாதம் செய்து விட்டதை வாய்மொழியாகக் கடத்துவது இது. மூலம் ஒன்றாயினும் உரை பலவாகி, பன்னிரண்டு என்று ஒருவர் சொன்னது பதினைந்தாகவும், வாழைப்பழம் தின்க என்பது தின்னற்க என்பதாகவும் பாடபேதம் மலிந்து கிடத்தலின், இம்மரபைச் செம்பதிப்பாக்க முயல்வார் எவருமிலர்.

இம்மூன்றுள் எது சிறந்தது என்பதை எல்லாரும் ஏறுதலை வைத்தே அளந்தனர்: எவ்வளவு தூக்கினார், எவ்வளவு கூட்டினார் என்று. இக்கட்டுரை இறங்குதலை அளவாகக் கொள்கிறது. தூக்கி இறக்குகையில் தசை இரு வகையில் உழைக்கும். பாரத்தை உயர்த்தும்போது சுருங்கி உழைக்கும். இறக்கும்போது, பாரம் பொத்தென்று விழாதபடி பிடித்துக்கொண்டே நீண்டு உழைக்கும். பழகாத தசையை மறுநாள் நோகச் செய்வது பெரும்பாலும் இந்த நீளும் உழைப்பே. நோவு உடனே வாராது. 1902இல் தியோடர் ஹஃப் என்பார் விவரித்த இந்நோவு, ஒருநாள் கழிந்தே தலைகாட்டி, மூன்று நாள் வரை உச்சத்தில் நிற்கும். ஸ்குவாட் செய்த தொடங்குநர் அன்று மாலை தாம் எதற்கும் அஞ்சாத உடம்பினர் என்று வீட்டாரிடம் சொல்வதற்கும், மறுநாட் காலை கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பது பொதுமக்கள் கருத்து. நொந்த முன்தொடைக்கு இது தலைகீழ். ஏனெனில் படியிறங்கும்போது உடம்பின் முழுப் பாரத்தையும் நீண்டபடியே தாங்கிப் பிடிப்பது அத்தசைதான். சமவெளி நகரத்தவர்க்கு இது ஒரு சிறு துன்பம். அன்னிவத்தையிலோ பஹிரவகந்தைச் சரிவிலோ ஹந்தானையிலோ குடியிருந்து, பாணும் பஸ்ஸும் வேலையும் வங்கியும் கீழே இருக்க, மழையில் பாசி பிடித்த படிகளால் இறங்கியே ஆகவேண்டியவர்க்கு அஃது ஒரு தேர்வு. திட்டத்தின் தரம் அங்கே வெளிப்படும். இரண்டாம் நாள் காலையில் முகம் முன்னோக்க இறங்குவாராயின் திட்டம் தகும். பக்கவாட்டில் நண்டுபோல் இறங்குவாராயின் முதல் நாட் பாரத்தில் பாதியைக் குறைத்தல் வேண்டும். பின்புறமாக இறங்குவாராயின் அத்திட்டத்தை வகுத்தவர் சமவெளிக்காரர் என்பது பெறப்படும்.

கண்டிக்குக் குந்தும் கலை புதிதன்று. பெரஹரா ஊர்வலத்தில் ஆடும் கண்டி நடனக் கலைஞரின் அடிப்படை நிலை, முழங்கால்களை வெளிப்புறம் மடித்து நிற்கும் மண்டிய என்பது. தமிழர் அறிந்த அரைமண்டிக்கு அது உறவாகத் தோன்றும். எசல மாதத்தில் பத்து இரவுகள், கும்பல் பெரஹரா ஐந்தும் ரந்தோலி பெரஹரா ஐந்துமாக, அந்நிலையிலிருந்து வீதிவழி ஆடிச் செல்வோர், சிறுவயதுமுதல் நாளுக்குச் சிறிதாகப் பழகியவரே. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் நிகழும் தோப்புக்கரணத்தையும் இங்குச் சேர்த்தெண்ணலாம். உள்ளூர் வழக்கில் நெடுங்காலம் நிலைத்த திட்டம் இதுவே. பாரம் உடம்பு மட்டும், எண்ணிக்கை குறைவு, கட்டணம் இல்லை, கைவிட்டோர்க்கு அச்சம் உண்டு.

இவற்றால் தொடங்குநர்க்கு முதல் இரு வாரங்களில் வெறும் கம்பியோ அதனினும் குறைந்த டம்பெல்லோ போதும் என்பதும், ஓரிரு செட்டுக்கு மேற்போகாமை நன்று என்பதும், வாரத்தில் அடுத்தடுத்து வாராத இரண்டு நாள் அமையும் என்பதும் துணிபு. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் தசைப் பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு நாளே கேட்கிறது. ஒருமுறை சிறிதளவு நொந்த தசை அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு நோவாது என்பது உறுதிப்பட்ட உண்மையாதலின், குறைவாகத் தொடங்கியவர் எதையும் இழப்பதில்லை. மச்சானின் மதிப்பை மட்டும் இழப்பர். உணவைப் பற்றி நீட்டிப்பதற்கில்லை: பருப்புக் கறி, முட்டை, நெத்தலி என்று வீட்டில் இருப்பதே புரதம், டப்பாவில் இருப்பது விலை.

எஞ்சியது ஒன்றுண்டு. ஹந்தானைச் சரிவுகளிலும் அப்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் வெறுங்கையராய் ஏறி, கூடை நிறைய நிறையப் பாரத்தோடு இறங்குகின்றனர். மைலோவின் கன்று ஒரே நாளில் வளர்ந்து, மாலையில் நிறுவையில் இறக்கப்பட்டு, மறுநாள் மீண்டும் கன்றாகிறது. குறித்த கிலோ குறைந்தால் அவர்கட்கு அரைப்பேர், அதாவது பாதிநாட் கூலி. ஓய்வுநாளையும் சாப்பாட்டையும் அட்டவணையில் முதலில் எழுதும் எந்தப் பயிற்சித் திட்டமும் இவ்வட்டவணையைத் தன் இனமாக ஏற்காது. நகரின் சந்தையிலும் இவ்வாறே ஓர் இனத்தார் உளர். தமிழகத்தார் ஊர்த்தலைவர் என்று கொள்ளும் நாட்டாமை என்னும் சொல், இலங்கையில் மூட்டை சுமப்பவரைக் குறிக்கும். செவ்வாய்க்கிழமை காலையில், திங்களன்று ஜிம்மில் சேர்ந்த ஒருவர் கைப்பிடிக் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாய் நண்டுநடை போடுகையில், ஐம்பது கிலோ அரிசி மூட்டையை முதுகிலேற்றிய நாட்டாமை ஒருவர், "தம்பி, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி, முகம் முன்னோக்க அவரைக் கடந்து இறங்கிப் போவதைக் காணலாம்.