ஒன்பது பேரும் ஒரு மணைப்பலகையும்

எங்கள் குடும்பத்துக்குக் கல்வெட்டு வெட்டுவதாக இருந்தால் ஆட்களின் பெயர் வேண்டாம், கார்களின் பெயர் போதும். தாத்தா காலம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சித்தப்பா காலம் மாருதி 800. இப்போது நடப்பது தம்பியின் ஆட்சி: ஏழு சீட்டு, வாசல்படி உயரத்துக்கு டயர்.

ஹெரால்டு சென்னையிலேயே செய்த கார். 948 சிசி. தொடக்கத்தில் வந்தவற்றுக்கு இரண்டே கதவு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து எழுந்துகொள்ளும், நீர்யானை கொட்டாவி விடுகிற மாதிரி. பழுது ஒன்றும் இருக்காது. தெரு கூடி வேடிக்கை பார்க்கட்டும் என்றே தாத்தா தினமும் திறந்து வைப்பாராம். ஓட்டிய நேரத்தைவிடத் திறந்து வைத்த நேரம் அதிகம் என்பது பாட்டியின் வாக்குமூலம்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதிக்குச் சாவி கொடுத்தார். விலை 47,500 ரூபாய். 796 சிசி, மூன்றே சிலிண்டர். அம்பாசிடரில் உட்கார்ந்து பழகிய பெரியவர்கள் பார்த்துவிட்டு, "இது காரா, சோப்பு டப்பாவா?" என்றார்கள். பிறகு அவர்களே புக்கிங் வரிசையில் நின்றார்கள்.

சித்தப்பா வாங்கியது 1986-ல் வந்த இரண்டாவது மாடல். நீளம் 3.3 மீட்டர் சொச்சம், அகலம் 1.44. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு அதில் ஒன்பது பேர் போனோம். வண்டியின் எடை 650 கிலோ சுமார். நாங்கள் ஏறியதும் அதில் முக்கால் பங்கு கூடியிருக்கும்.

உட்காருவதற்கு ஒரு சாஸ்திரம் இருந்தது. பின்சீட்டில் அத்தை சாய்ந்தால் அம்மா முன்னே நகர வேண்டும், சித்தி சாய்ந்தால் அப்பா நுனிக்கு வர வேண்டும். திருமங்கலம் தாண்டியதும் முறை மாறும். முன்சீட்டில் பெரியப்பா, அவர் மடியில் நான். பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியோரப் பலகையில் சித்தப்பா மகள், புளியோதரைத் தூக்கோடு. தம்பிக்கு ஹேண்ட்பிரேக் மேல் இடம். அதைப் போட வேண்டுமென்றால் சித்தப்பா, "டேய், எந்திரி" என்பார். அவன் எழுந்திருக்கும்வரை வண்டி பின்னால் உருளும். சீட் பெல்ட்டா? பெரியப்பாவின் இடது கைதான். பிரேக் அடித்தால் அது என் வயிற்றில் வந்து விழும். இப்போது நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்பவர்களை யாராவது அந்தக் கண்ணாடியோரப் பலகையில் உட்கார வைத்து டி.கல்லுப்பட்டிவரை கூட்டிப்போக வேண்டும்.

இடையில் அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு கூத்து நடத்தியது. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன இன்ஜினும் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம் என்றார்கள். டாடா இண்டிகோவின் வாலை நறுக்கி 3,988 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். வரிக்காக வாலறுத்துக்கொண்ட ஜீவராசி உலகத்தில் வேறு உண்டா, தெரியாது. நீளத்துக்குக் கயிறு கட்டியதும் மற்றவர்கள் வண்டியை உயரத்தில் வளர்த்தார்கள்.

போன ஆடியில் மறுபடி அதே கோயில். அதே ஒன்பது பேர் கணக்குத்தான், ஆனால் மூன்று கார். தம்பி வண்டியில் அவன், அவன் மனைவி, நான், அத்தை. மூன்றாவது வரிசையை மடக்கிப் பெட்டிகளை வைத்தாயிற்று. எண்பதைத் தொட்ட அத்தை கதவருகே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இது காரா, மச்சு வீடா?"

அடுக்களையிலிருந்து மணைப்பலகை வந்தது. அதில் ஒரு கால் வைத்து, என் தோளில் ஒரு கை வைத்து, முருகா என்று ஏறினார். பலகையும் பின்னாலேயே ஏறியது.

கோயில் தெருவில் ஒரு பக்கம் திண்ணை, மறு பக்கம் அடிபம்பு. சித்தப்பாவின் மாருதி ஒன்பது பேரோடு அதில் வழுக்கிக்கொண்டு போகும். தம்பியின் வண்டி அகலம் 1.9 மீட்டருக்கு அருகில், அதற்கு மேல் இரண்டு காது. நுழைந்ததும் நாலு பக்கச் சென்சாரும் கீச்சுக்கீச்சென்று கத்தின. திண்ணையில் இருந்த பெரியவர் காலை மடக்கிக்கொண்டு, "கொஞ்சம் வரலாம்" என்றார். தம்பி வரவில்லை. வண்டியை பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் குலதெய்வத்தைப் பார்க்கப் போனோம். ஆட்டோவில் ஏற அத்தைக்குப் பலகை தேவைப்படவில்லை.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கினோம். அத்தை மணை மேல் கால் வைத்து ஏறினார், நாங்களும் ஏறினோம், கதவைச் சாத்தினோம். மணையை யாரும் எடுக்கவில்லை.

வீடு வந்த பிறகுதான் தெரிந்தது. கேட்டுக்குள் வண்டி நுழையாது, எனவே தெருவில் நின்றது. அத்தை கீழே எட்டிப் பார்த்தார்.

"நான் குதிக்க மாட்டேன். காப்பிய இங்க கொண்டாரச் சொல்லு."

காப்பி போயிற்று. பிறகு முறுக்கு போயிற்று. ஜன்னலை இறக்கிவிட்டுத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நலம் விசாரித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் இரும்பு ஸ்டூலோடு வந்தபோது மணி எட்டு.