நேத்துப் பெஞ்ச மழையும் வெள்ளக்காரன் ‘ஹேவ்’வும்

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டர் இன்டர்வியூ முடிஞ்சுதா? நான் திண்ணையில கிடந்தாலும் காது வீட்டுக்குள்ளதாம்ல கிடந்துச்சு. “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022”ன்னு கணீர்னு சொன்ன பாரு, அந்த ‘ஹேவ்’ யாருக்குல? நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனா தந்தி ஆபீஸ்ல சேவகனா இருந்தவன். தந்தியில வார்த்தைக்கு வார்த்தை காசு, வெட்டியா ‘ஹேவ்’ போட்டா மடி காலியாயிரும். 2013 ஜூலையில தந்தியை மூடினாலும் மூடினான், நீங்க கேப்பார் இல்லாம வாரி இறைக்கீங்க.

உன்னையச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம தமிழ் பண்ணுத வேலை. “நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு”ன்னு உங்க ஆச்சி சொல்லுவா. அவ மழையப் பாத்தாளா? குறட்டை விட்டா. காலையில முத்தம் நனைஞ்சு கிடந்ததப் பாத்துட்டுச் சொல்லுதா. கண்ணால காணாததை ஊகிச்சுச் சொல்ல நமக்கு அந்த ‘இருக்கு’ வேணும். அதுக்கும் ‘நேத்து’க்கும் பகையே கிடையாது. வெள்ளக்காரன் ‘ஹேவ்’ அப்படியா? ‘யெஸ்டர்டே’, ‘இன் 2022’, ‘டூ இயர்ஸ் அகோ’ன்னு நாள் கிழமை வாசல்ல வந்து நின்னா, கடன்காரனைக் கண்டவன் மாதிரி கொல்லப்பக்கமா ஓடிரும். “ஐ கம்ப்ளீட்டட்”னு சொல்லிட்டுப் பேசாம இரு.

‘சின்ஸ் 2022’ன்னா வேற கத, அது இன்னும் முடியல. “ஐ ஹேவ் பீன் ஜாப்லெஸ் சின்ஸ் 2022.” உனக்கு அளவெடுத்துத் தச்ச வாக்கியம்ல, மனப்பாடம் பண்ணிக்க.

உங்க சித்தப்பன் துபாய்க்கு ‘ஹேஸ் கான்’னா ஆளு இன்னும் அங்கதான். ‘ஹேஸ் பீன்’னா போயிட்டுத் திரும்பிட்டான், செண்டு பாட்டில் எங்கேன்னு கேக்கலாம்.

இன்னொண்ணு கேளு. காந்தி 1921 செப்டம்பர்ல மதுரையிலதான் சட்டையக் களஞ்சுட்டு அரைவேட்டிக்கு மாறுனாரு. அதுக்காக “காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை”ன்னு இன்னைக்கு எழுதினா வெள்ளக்காரன் மூஞ்சி சுளிப்பான். ஆளு உசுரோட இருந்து இன்னொருக்கா வர வழி இருக்கணும்லா. அதையே “மதுரை ஹேஸ் பீன் விசிட்டட் பை காந்தி”ன்னு திருப்பிப் போடு, கம்முனு கேட்டுக்குவான். ஊரு இருக்குல்ல! செத்தவனுக்கு ‘ஹேவ்’ கிடையாது, அவன் வந்துபோன ஊருக்கு உண்டு. பட்டா மாத்துத தாசில்தார் கூட இம்புட்டு நுணுக்கம் பாக்க மாட்டாரு.

அமெரிக்காக்காரன் இதுல தாராளம். லண்டன்காரன் “ஹேவ் யூ ஈட்டன் யெட்?”ன்னு கேக்கத, அவன் “டிட் யூ ஈட் யெட்?”னு முடிச்சிருவான். உனக்கென்ன, எவன் கேட்டாலும் இலையப் போடுன்னுதான சொல்லப்போற.

எந்திரில. நீ இன்டர்வியூ மும்முரத்துல கயித்தக் கட்டாம விட்டியே, அந்த வெள்ளாட்டக் காணோம். “ஐ லாஸ்ட் தி கோட்”னு சொன்னா, பொறவு கிடைச்சுதோ குழம்பாச்சோன்னு கேக்குதவனுக்குத் தெரியாது. இப்ப நிலவரம் “ஐ ஹேவ் லாஸ்ட் தி கோட்”. ஆச்சி சந்தைக்குப் போயிருக்கா. அவ வாரதுக்குள்ள ஆட்டப் பிடிச்சுக் கட்டிட்டா, ‘ஹேவ்’வ எடுத்துறலாம்.