அம்பாசடருக்கு வயிறு கழுவப் போற மருமகனுக்கு

மருமகனே, அம்பாசடரக் கழுவித் தொடச்சு மாலையும் போட்டாச்சா? 2014லயே உத்தரபாராவுல கம்பெனிக்காரன் கடைய மூடிட்டான்; நீங்க மட்டும் விடாமப் பிடிச்சிருக்கீக. நல்லதுதான். ஆனா ரேடியேட்டர் மூடியத் திறந்தா உள்ள இருக்கறது கூலன்ட்டா, வத்தக்குழம்பா?

வீட்டுலயே மாத்திக்கிருவேங்கறீக. பட்டறைக் கூலி கண்ண உறுத்துது. செய்ங்க, யாரு வேணாங்கறா? ராத்திரி நிறுத்துன வண்டிய விடிஞ்சு திறங்க. கொடைக்கானல் ஏறி எறங்குன சூட்டோட மூடியத் திருகுனீகன்னா மூஞ்சி வெந்துரும். எம் மக யாரோ எவரோன்னு கதவச் சாத்திருவா.

ரேடியேட்டர் அடியில இருக்கற குழாயத் திறந்தாப் போதும்னுதான் எல்லாரும் நெனக்கிறாக. எஞ்சின் பிளாக்குப் பக்கவாட்டுலயும் ஒரு குழாய் இருக்கு. துருவும் சேறும் அங்கதான் குடித்தனம். திறந்தாலும் சொட்டாது, கம்பிய விட்டுக் குத்தணும்.

அதுக்கப்புறம் போர் தண்ணிய ஹோஸ்ல விடுவீக பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணி கொதிக்கிற எஞ்சினுக்குள்ள சுத்துனா குழாய்க்குக் குழாய் சுண்ணாம்பு ஏறிரும். தோல் ஷாப்பு ஓரம்னா இன்னும் விசேஷம். 1996ல சுப்ரீம் கோர்ட்டு, தண்ணியக் கெடுத்த தோல் ஆலைகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் அபராதம் போட்ட தீர்ப்புல நம்ம திண்டுக்கல் மாவட்டத்துப் பேரும் இருக்கு. பெருமைதான்! கழுவ ஆத்தூர் டேம் தண்ணியப் பிடிச்சு வைங்க. கூலன்ட்டோட பாதிக்குப் பாதி கலக்க டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க. டீக்கடையில எழுதி வச்ச கணக்கவிடக் கம்மியாத்தான் ஆகும்.

பட்டறைக்கே போறீகளா? மெஷின வச்சுத் தண்ணிய வேகமா அடிக்கறேம்பான். இத்தன வருசத் துருதானே ஓட்டைய அடச்சுக் காவல் காக்குது. அதுவும் போச்சுன்னா நாலு எடத்துல ஒழுகும். அடைப்பு நெசம்னா, டேங்கப் பிரிச்சுக் குழாய் குழாயாக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் பத்தவைக்கற பழைய ரேடியேட்டர்காரரத் தேடுங்க. பித்தளைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. இப்ப வர்ற பிளாஸ்டிக் டேங்குக்கு ஏது?

இன்னொண்ணு. வடிச்ச பழசத் தெருவுல ஊத்தாதீக. இனிச்சுக் கெடக்கற வெசம் அது. நாயோ ஆடோ நக்குனா கிட்னி போயிரும். கேன்ல பிடிச்சுப் பட்டறையிலயே குடுத்துருங்க. எங்க வெள்ளாடு உங்க வாசல்லதான் மேயுது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க மிச்சம் பிடிச்ச கூலி மொத்தமும் எங்கிட்டத்தான் வந்து சேரும்.