சமையல்காரரும் விருந்தும்

கேள்வி: மக்கள் நலனுக்காக ஓர் அரசுத் துறை விதி போட்டால், அதை நீதிமன்றம் ரத்து செய்யலாமா?

பதில்: செய்யலாம், செய்தும் இருக்கிறது. 1987-இல் நியூயார்க் மாநிலத்தின் பொது சுகாதாரக் குழு, பொது இடங்களில் புகைபிடிப்பதை விதி மூலம் கட்டுப்படுத்தியது. நல்ல விஷயம்தானே? ஆனால் இதே நோக்கத்துடன் வந்த மசோதாக்கள் பல ஆண்டுகளாகச் சட்டமன்றத்தில் தேறவில்லை. போதாததற்கு மதுக்கூடங்களுக்கும் சிறிய உணவகங்களுக்கும் குழுவே விலக்கு அளித்தது. யாருடைய வியாபாரம் எவ்வளவு பாதிக்கப்படலாம் என்று எடைபோடுவது மருத்துவ அறிவு அல்ல, அரசியல் முடிவு. 'பொது சுகாதாரத்தைக் கவனிக்கலாம்' என்ற பொத்தாம்பொதுவான அதிகாரத்தில் அது அடங்காது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் பொரியாலி வழக்கில் விதியை ரத்து செய்தது.

உப்பு, புளி அளவைச் சமையல்காரரிடம் விடலாம். விருந்துக்கு யாரை அழைப்பது என்பதை வீட்டார்தான் சொல்லவேண்டும். சிகரெட் புகை எனக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் இந்தத் தீர்ப்பு சரி என்பேன். விதி பிடிக்காவிட்டால் எம்.எல்.ஏ.வை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம், குழு உறுப்பினரை என்ன செய்வீர்கள்? இரண்டே ஆண்டுகளில், 1989-இல், சட்டமன்றமே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.