மூக்குச் செல்லே, பதறாதே!

ராஜபாளையம் நாயின் மூக்கு நுனியில் குடியிருக்கும் செல்களுக்கான வழிகாட்டி இது. மற்றவர்கள் ஒட்டுக்கேட்கலாம்.

2005-ல் தபால்தலையில் ஏறிய வம்சம் உன்னுடையது. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அழகுதான், ஆனால் அந்த மூக்கில் மெலனின் நிறமி மிகக் குறைவு. சித்திரை வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்கி, டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 78 குரோமோசோம்களையும் நகலெடுக்க உட்கார்ந்த நேரம் பார்த்தா இது நடக்க வேண்டும்? நடக்கும்.

நகலெடுக்கும் பாலிமரேஸ் ஒட்டிய இடத்தில் நின்றுவிடும். இழைகளைப் பிரித்துத் தரும் ஹெலிகேஸோ அது தெரியாமல் முன்னே ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலையில் நிற்க, அறுந்த வடத்தோடு கூட்டம் மட்டும் ரத வீதி திரும்பினால் எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான்.

உடனே, ஒற்றையாகக் கிடக்கும் இழையை ஆர்பிஏ புரதத்தால் போர்த்து. போர்த்தாத இழை அறுந்துபோகும். அந்தப் போர்வையைக் கண்டால்தான் ஏடிஆர் என்ற காவல் புரதம் வரும். அதுவும் தனியாக வராது, ஏட்ரிப் என்ற கூட்டாளியோடுதான் வரும். வந்ததும் செக்1 புரதத்தை முடுக்கிவிடும். செக்1 செல் பிரிவதை நிறுத்திவைக்கும். வேறு இடங்களில் புது நகலெடுப்பு தொடங்க விடாது. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தூங்கும் தொடக்கப் புள்ளிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஓரவஞ்சனை என்று முணுமுணுக்காதே. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கினால் ஆர்பிஏ கையிருப்பு தீர்ந்து, இழைகள் கொத்துக்கொத்தாய் அறும். ஈஸ்ட் முதல் மனிதன்வரை ஏற்பாடு ஏறக்குறைய இதேதான்.

அவசரமா? பாலிமரேஸ் ஈட்டாவைக் கூப்பிடு. பொதுவாகப் பிழை மலிந்த கை அதற்கு. ஆனால் ஒட்டிய தைமின் ஜோடிக்கு எதிரே பெரும்பாலும் சரியாக இரண்டு அடினினை வைத்துத் தாண்டிவிடும். வேலை முடிந்ததும் வழியனுப்பிவிடு, வீட்டோடு வைத்துக்கொள்ளாதே. இந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாத மனிதர்களுக்கு, வெயில் படும் இடங்களில் தோல் புற்றுநோய் எளிதில் வருகிறது.

எதுவும் பலிக்கவில்லையா? பி53 புரதம் சொன்னால் மறுபேச்சில்லாமல் செத்துப்போ. நீ ஒருத்தி போவதால் மூக்கு குறைந்துவிடாது. பிழையோடு பிழைத்துப் பெருகினால்தான் வம்பு.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உச்சிவெயிலில் நிழலில் கட்டுங்கள். மூக்கில் ஆறாத புண் கண்டால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.