காவி உடுத்த பாதிரியார்

கேள்வி: மதுரைக்கு வந்த சேசு சபைப் பாதிரிமாருக்கு அதிகம் தொல்லை கொடுத்தவர்கள் யார்? — ஒரு வாசகர், திருப்பருத்திக்குன்றம்

பதில்: சொந்தக்காரர்களேதான்! 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சந்தனம் பூசி, புலாலையும் விட்டார். உங்களூர்ச் சமணர்கள்கூட, வெங்காயம் இல்லாதவரை, அவர் இலையில் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குறை சொன்னவர், அதே ஊரில் இருந்த அவருடைய சபையார் கொன்சாலோ பெர்னாண்டஸ். பூணூலும் குடுமியும் குல வழக்கமா, சமயச் சின்னமா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623இல்தான் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார்.

‘அப்படியானால் 1693இல் ஓரியூரில் சேசு சபைப் பாதிரியார் அருளானந்தர் தலை உருண்டதே?’ என்பீர்கள். உண்மை, உள்ளூர்ப் பகையும் சிறையும் இருந்தன. ஆனால் அதன் காரணத்தைப் பாருங்கள். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். உடுப்பை மாற்றியபோது ஊர் பொறுத்தது. சம்பந்தத்தில் கைவைத்ததும் அரண்மனை பொறுக்கவில்லை. நொபிலி போட்டது வேஷம் என்பவர்களும் உண்டு. அதைவிடக் கனமான குற்றச்சாட்டு, மேல்சாதிக்கு ஒரு சாமியார், மற்றவர்க்குப் பண்டாரசாமி என்று பிரித்தது. ஊரோடு ஒத்து வாழலாம்தான். ஊரின் சாதி வேலிக்கும் சேர்த்தா முட்டுக்கொடுப்பது?