நவம்பரில் மட்டும் உயிரோடிருப்பது எப்படி?

பெறுநர்:
ஓய்வூதியம் மற்றும் ஓய்வூதியர் நலத்துறை,
இந்திய அரசு, புதுதில்லி.

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

மத்திய அரசின் ஓய்வூதியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் என்பது தங்கள் விதி. கேட்பதில் தப்பே இல்லை. போய்ச் சேர்ந்தவர் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறிக்கொண்டிருப்பதை எந்தக் கஜானாவும் தாங்காது. அந்தப் பணத்தை ஏ.டி.எம்.மில் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கும் அருமைப் பிள்ளைகளும் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆகவே சான்று கேட்பதைப் பற்றி இந்த விண்ணப்பத்தில் முறையீடு ஏதுமில்லை. முறையீடு, அதற்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பற்றி.

தில்லியில் நவம்பர் என்பது பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுக்கும் மாதம். மழை கிடையாது. (புகைமூட்டம் உண்டு. மூச்சுத் திணறும் முதியவர் உயிரோடிருப்பதைச் சரிபார்க்க அது உகந்த காலம்தானா என்பதைத் தில்லிக்காரர்கள் தனிக் கடிதமாக எழுதிக்கொள்வார்கள்.) தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. சென்னைக்கு அதிலும் நவம்பர்தான் உச்சம். நிஷா புயல் 2008 நவம்பரில் வந்தது, கஜா 2018 நவம்பரில், நிவர் 2020 நவம்பரில். ஃபெஞ்சல் புயல் இவற்றையெல்லாம் மிஞ்சி, தங்கள் காலக்கெடுவையே படித்துவிட்டு வந்ததுபோல 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. அன்று சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். சனிக்கிழமைதான், ஆனால் ஐந்தாம் சனி என்பதால் வங்கிக்கு வேலைநாள். எழுபத்தெட்டு வயதுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் தாம் இருப்பதைக் காட்டிவிட்டு வர விதிப்படி ஒரு தடையும் இல்லை. வீடு திரும்பும்போதும் அந்தச் சான்று உண்மையாக இருக்குமா என்பதற்கு மட்டும் படிவத்தில் இடமில்லை.

எண்பது கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்று சலுகை தந்திருக்கிறோமே என்பீர்கள். நன்றி. ஆனால் ஐப்பசி அடைமழையிலிருந்து கார்த்திகைக் கனமழை வரை நீட்டிக் கொடுப்பதைச் சலுகை என்று சொல்ல தில்லியில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரையும் வெளியே வரச் சொல்லவில்லை, 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்று இருக்கிறது, கட்டணம் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வருவார் என்றும் சொல்வீர்கள். வருகிறார், தெருவில் முழங்கால் தண்ணீர் இல்லாத நாட்களில். வந்ததும் விரலைக் கேட்கிறார். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் பொன்மலைப் பணிமனையிலும் ஆயுள் முழுக்க இரும்போடு மல்லாடிய விரல்கள் அவை. “ரேகை விழலை, துடைச்சுட்டு மறுபடி வைங்க” என்பார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு அடுத்த கை. அரசுக்காகத் தேய்ந்த ரேகையை அரசின் கருவியே அடையாளம் தெரியாது என்கிறது. இதை உணர்ந்துதான் 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்றீர்கள். நல்ல மாற்றம், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், இணையம் வேண்டும், முகத்தில் வெளிச்சம் வேண்டும், சொன்ன நேரத்தில் கண் சிமிட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஊரில் முதலில் போவது மின்சாரம். இவ்வளவும் தாண்டியவரிடம் படிவம் இன்னும் இரண்டு சேதி கேட்கிறது: மறுபடி வேலையில் சேர்ந்தீர்களா, மறுமணம் செய்துகொண்டீர்களா? தொண்ணூற்றொரு வயதில் இப்படிக் கேட்க ஆள் இருப்பதே ஒரு தெம்பு என்பதால் அதை நீக்கச் சொல்ல மாட்டேன்.

என் கோரிக்கை ஒன்றே. அவரவர் பிறந்த மாதத்தில் சான்று கேளுங்கள். பிறந்த மாதம் தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எண்பது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு வயதில் 100 சதவீதம் என்று கொடுக்கிறீர்கள். அதுவும் அந்த வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே. பணம் கொடுப்பதற்குத் தெரிகிற பிறந்த தேதி, சான்று கேட்கும்போது மட்டும் மறந்துபோவானேன்?

எல்லாரையும் ஒரே மாதத்தில் சரிபார்த்தால்தான் மோசடி பிடிபடும் என்று ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 5 அன்று சான்று கொடுத்தவர் நவம்பர் 6 அன்று காலமானால், வீட்டார் வாயைத் திறக்காதவரை, அடுத்த நவம்பர் வரை தங்கள் ஏட்டில் அவர் ஆரோக்கியமாகவே இருப்பார். ஜூனில் கேட்டாலும் இடைவெளி அதே ஓராண்டுதான். ஒரு நாள்கூடக் கூடாது. மோசடியைப் பிடிக்க வழி வேறு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மரணத்தையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தங்கள் கணினியோடு இணைத்தால் இறந்தவர்களே தங்களைத் தேடி வந்துவிடுவார்கள். இருப்பவர்களை அலையவைத்து இல்லாதவர்களைக் கண்டுபிடிக்கும் இன்றைய முறை அவ்வளவாக எடுபடாது.

நிர்வாகக் குழப்பம் வரும் என்பது கடைசித் தடை. கொரோனாவை முன்னிட்டு 2020இலும் 2021இலும் கெடுவைத் தள்ளிவைத்தீர்கள், குழப்பம் வரவில்லை. பி.எஃப். ஓய்வூதியர்கள் 2020 முதல் ஆண்டில் எந்த நாளிலும் கொடுக்கலாம், அன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும் என்று ஆகிவிட்டது. அவர்களும் இதே அரசின் கீழ்தான் முதுமை அடைகிறார்கள். வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்கும் நவம்பர் முழுக்க இதே வேலையாக இல்லாமல் ஆண்டு முழுக்கப் பரவினால் இளைப்பாறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அவரும் என்றோ ஒருநாள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வரப்போகிறவர்தானே.

மாதத்தை மாற்றவே முடியாது என்றால், இந்திய வானிலைத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, வங்கக் கடலின் புயல்கள் டிசம்பர் 1க்குப் பிறகே கரையைக் கடக்குமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஓய்வூதியர் ஒருவர்
(வரும் நவம்பர் 30 வரை செல்லுபடியாகும்)